என் பெயரில் வாசித்தவன்

அந்த ஆல்பத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், தெரிந்தவர்கள் "ஆகா, அதுவா" என்று கண்ணை மூடித் தலையாட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது காதில் விழாது. எழுபதுகளில் அமெரிக்காவில் வந்த ராக் இசைத்தட்டு. ராக் என்பது பெயருக்குத்தான், உள்ளே பாதிக்கு மேல் ஜாஸ். சாக்ஸபோன் நுழைகிற இடம், டிரம்ஸ் ஒதுங்கி வழிவிடுகிற இடம், பியானோ எங்கோ போய்விட்டு ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வருகிற இடம், எல்லாமே அப்பழுக்கில்லாத சுத்தம். ஒரு மூச்சு கூடத் தப்பி விழாது. அந்தச் சுத்தம்தான் அதன் பெருமை என்று உலகம் சொல்கிறது. எனக்கு அதன்மேல் இருக்கிற ஆத்திரத்துக்கும் அதுதான் காரணம்.

எனக்கு அதை முதலில் போட்டுக் காட்டியவன் என் தோஸ்த். ஆம்பூரில் தோல் தொழில் செய்யும் குடும்பத்துப் பையன். வேலூரில் கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம். வீட்டில் உருது பேசுவான், என்னிடம் தமிழ். படிப்பு முடிந்ததும் அவன் தன் குடும்பத்து ஷூ ஃபேக்டரியில் முதலாளி நாற்காலியில் போய் உட்கார்ந்தான். நான் அதே ஃபேக்டரியில் குவாலிட்டி பிரிவில் சேர்ந்தேன். ஆட்கள் முன்னால் அவன் எனக்கு "சார்". கதவு சாத்தியிருந்தால் "டா". இந்த இரண்டுக்கும் நடுவே இத்தனை வருடம் ஒரு மனஸ்தாபமும் இல்லாமல் காலம் தள்ளினோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் என்மேல் எனக்கே எரிச்சலாக வருகிறது.

நான் டிரம்ஸ் வாசிப்பவன். எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவோடு ஆரம்பித்த பழக்கம். முறையாக யாரும் சொல்லித்தரவில்லை. வேலூரில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் டிரம்ஸ் செட் வைத்தால் வீட்டுக்காரர் சாமானை எடுத்து வெளியே வைத்துவிடுவார் என்பதால், ஃபேக்டரியில் கழித்துப்போட்ட தடித்த தோல் துண்டை ஒரு பலகையில் ஒட்டி, அதன்மேல் குச்சியால் தட்டிப் பழகுவேன். என் மனைவிக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்பது நான் அவளுக்காகப் போடும் மரியாதையான வார்த்தை. அவள் நர்ஸ். டியூட்டி முடித்து வந்து சோஃபாவில் சாய்வாள், நான் பலகையை எடுப்பேன்.

"இன்னாங்க, வார்டுலதான் நாள் பூரா மானிட்டர் சத்தம். வீட்லயுமா?" என்பாள்.

சர்ச்சில் வாசித்துவிட்டு வரும் நாட்களில் இன்னும் மோசம். "இன்னைக்கும் நீங்க முன்னாடி ஓடிட்டீங்க, நாங்கல்லாம் பாட்டைத் தூக்கிக்கினு பின்னாடி ஓடியாந்தோம்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விடுவாள். அவள் சொன்னதில் தவறில்லை. என் கைக்கு அவசரம் ஜாஸ்தி. பல்லவி நெருங்கும்போது என்னையறியாமல் வேகம் கூடிவிடும். கல்யாணமான நாள் முதல் அவள் ஒருமுறைகூட நன்றாக வாசித்தீர்கள் என்று சொன்னதில்லை. ஒப்புக்குக்கூடச் சொன்னதில்லை. அவளுக்குப் பொய் சொல்ல வராது. அதனாலேயே அந்த ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஒழுங்கான ஸ்டூடியோவில் என் வாசிப்பைப் பதிவு செய்து, நல்ல ஸ்பீக்கரில் அவள் கேட்டால் சொல்லிவிடுவாள் என்று நம்பினேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். புகழ், பெயர், மேடை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பேண்ட் பெரிய பேண்ட் ஒன்றுமில்லை. தோஸ்த் கிட்டார் வாசித்துப் பாடுவான். பாகாயத்தில் ஒரு லேபில் வேலை செய்யும் ஒருவர் கீபோர்டு வாசிப்பார். நான் டிரம்ஸ். ஞாயிறு மதியம் சர்ச் முடிந்து, சாப்பிட்டு, பஸ் பிடித்து ஆம்பூர் போவேன். தோஸ்தின் குடும்பத்துப் பழைய டேனரி மாடியில், முன்பு தோல் காயப்போட்ட கூடத்தில், வாசிப்போம். சுற்றிலும் மரச்சட்டம் அடைத்த ஜன்னல்கள். அந்தத் தோல் வாடை எங்களுக்குப் பழகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்களுக்குத்தான் பேஜார். பாட்டெல்லாம் நாங்களே கட்டியது, தமிழ் வார்த்தைகள். அதில் ஒரு பாட்டு என் அவசரத்திலிருந்தே பிறந்தது. நான் வழக்கம்போல் பல்லவிக்கு முன்னால் ஓடிவிட்டேன், தோஸ்த் என்னைப் பிடிக்க வேண்டி குரலில் ஒரு தாவு தாவினான், அந்தத் தாவல் அப்படியே மெட்டாகிவிட்டது. அன்றைக்கு அவன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டான்.

"நீ ஓடினதாலதான்டா இது கிடைச்சுது" என்றான். நான் அதை மறக்கவில்லை. அவன்தான் மறந்துவிட்டான்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு ஷூவை ஓகே செய்துவிட்டால், அந்த ஜோடியில் கையெழுத்துப் போட்டு, சீட்டுக் கட்டி, சீல் வைத்துக் கொடுத்துவிடுவார். அதுதான் சீல் சாம்பிள். அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்போம். அதற்குப் பிறகு ஃபேக்டரியில் தைக்கிற ஒவ்வொரு ஷூவும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் சீல் சாம்பிளை எடுத்துவந்து, டியூப் லைட்டுக்குக் கீழே அல்ல, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நல்ல ஷூவா கெட்ட ஷூவா என்பது கேள்வியே இல்லை. அது மாதிரி இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். இருந்தால் பேக்கிங், இல்லாவிட்டால் ரிஜெக்ட். நான் வருடக்கணக்காகச் செய்கிற வேலை அது. சில சமயம் ஷூவில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் இடதும் வலதும் ஜோடி சேராது. அப்போதும் ரிஜெக்ட்தான். தைத்த பெண் முகம் சுருங்கிப்போய் நிற்பாள். நான் அடுத்த ஜோடியைக் கையில் எடுப்பேன்.

எங்கள் பாட்டுகளை ஆல்பமாகப் போடலாம் என்று தோஸ்த் முடிவு செய்தபோது, காரில் அந்த அமெரிக்க ஆல்பத்தைப் போட்டுவிட்டுச் சொன்னான்: "இதான்டா நம்ம சீல் சாம்பிள்."

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். வேறு ஊர்க்காரர்கள் இதைச் சொல்லியிருக்கமாட்டார்கள். சொன்னாலும் விளையாட்டாகச் சொல்லியிருப்பார்கள். தோல் தொழிலில் ஊறியவன் சீல் சாம்பிள் என்று சொன்னால் அது விளையாட்டல்ல என்பது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. அந்த ஆல்பத்தைச் செய்தவர்களைப் பற்றி அவன் ஆசை ஆசையாகச் சொல்வான். ஒரே பாட்டுக்கு ஆள்மாற்றி ஆளாக வரவழைத்து வாசிக்கச் சொல்வார்களாம். எல்லாரும் பேர் போன வாசிப்பாளர்கள். வாசித்துவிட்டுப் போவார்களாம். கடைசியில் ஒருவருடையதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தூக்கி எறிந்துவிடுவார்களாம். இதைச் சொல்லும்போது அவன் கண் மின்னும். நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். தூக்கி எறிகிறவர்கள் பக்கத்தில் நின்று கேட்டால் அது நல்ல கதைதான்.

சென்னையில் ஸ்டூடியோ. என் குச்சிகளையும், ஸ்நேர் என்கிற என் சொந்தச் சின்ன டிரம்மையும் மடியில் வைத்துக்கொண்டு அவன் காரில் போனேன். ஸ்டூடியோவில் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, உள்ளே டிக் டிக் என்று ஒரு கிளிக் ஓட விட்டார்கள். அதோடு ஒட்டி வாசிக்க வேண்டும். முதல் பாட்டில் என் கை வழக்கம்போல் ஓடியது. நிறுத்தினார்கள். மறுபடி. மறுபடியும் நிறுத்தினார்கள். பிறகு எனக்கும் பிடிபட்டது. மனைவி சொன்னதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, கையை இழுத்துப் பிடித்து வாசித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் வாசித்ததில்லை. இதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தோஸ்தும் என்ஜினியரும் உட்கார்ந்து கேட்பார்கள். எங்கள் பாட்டில் கொஞ்சம், உடனே அந்த அமெரிக்க ஆல்பத்தில் கொஞ்சம், மறுபடி எங்களுடையது. ஒரே ஸ்பீக்கரில், ஒரே சத்தத்தில். அப்போது தோஸ்தின் முகத்தைப் பார்த்தேன். உதட்டை லேசாகப் பிதுக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து. அந்த முகம் எனக்குத் தெரியும். ஜன்னலருகே நின்று இரண்டு ஷூவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நான் வைத்துக்கொள்ளும் முகம் அது. ஆனால் வெளியே வந்ததும் அவன் முதுகில் தட்டி, "சூப்பர்டா, கலக்கிட்டே" என்றான். எனக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. திரும்பும் வழியில் ஆற்காட்டில் காரை நிறுத்தி வீட்டுக்கு மக்கன் பேடா வாங்கினேன். மனைவி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அப்போ நல்லாவே வாசிச்சீங்களா?" என்றாள்.

"நீயே கேப்பே பாரு" என்றேன்.

பிறகு மாதக்கணக்கில் பேச்சே இல்லை. கேட்டால் "மிக்ஸிங் போகுதுடா" என்பான். மிக்ஸிங் என்றால் டேனரியில் பெரிய மர டிரம்மில் தோலைப் போட்டுச் சாயத்தோடு சுற்றுகிற மாதிரி ஏதோ என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னை ஃபேக்டரி வாசலில் நின்ற தன் காருக்குக் கூப்பிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டைப் போட்டான்.

முதல் சில நொடிகளிலேயே தெரிந்துவிட்டது. ஸ்நேர்மேல் இடது கை தொட்டும் தொடாமலும் சின்னச் சின்னத் தட்டுகள் போட்டுக்கொண்டு போனது. என் இடது கைக்கு அந்த வித்தை தெரியாது. சிம்பலில் குச்சி பட்ட விதம் வேறு. பல்லவி வந்தது, வேகம் கூடவில்லை. தோஸ்தின் குரல் அதே இடத்தில் தாவியது, ஆனால் அவன் யாரையும் பிடிக்கத் தாவவில்லை. சும்மா தாவினான். அந்த டிரம்ஸ் பிரமாதமாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். மட்டமாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன்.

"யாருடா இது?" என்றேன்.

"சினிமாவுக்கெல்லாம் வாசிக்கிறவன். ஒரே மத்தியானத்துல எல்லாப் பாட்டையும் முடிச்சிட்டுப் போய்ட்டான்."

"எப்போ?"

"நாம ரெக்கார்ட் பண்ணோம்ல, அதுக்கு அடுத்த வாரம்."

"எங்கிட்ட சொல்லல."

"சொன்னா நீ ஃபீல் பண்ணுவேன்னுதான்." ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே சொன்னான். "உன் வாசிப்புல தப்பு இல்லடா. ஜோடி சேரல. அவ்ளோதான்."

என் வாயிலிருந்து ஷூ தைக்கும் எத்தனையோ பெண்கள் கேட்ட வார்த்தையை எனக்கே திருப்பிச் சொன்னான். நான் அவனைப் பார்த்துக் கேட்டேன்: "உன் குரலும்தான் அங்கங்க ஆடுச்சு. அதைக் கம்ப்யூட்டர்ல நேராக்கிட்டாங்க. என்னையும் நேராக்கியிருக்கலாம்ல?"

"அது வேறடா" என்றான். எப்படி வேறு என்று சொல்லவில்லை. பிறகு, ஏதோ பெரிய பரிசு கொடுக்கிற மாதிரி, பின்சீட்டிலிருந்து ஆல்பத்தின் உறையை எடுத்து நீட்டினான். இசைத்தட்டாகவே போட்டிருந்தான்; இப்போது அது மறுபடி ஃபேஷனாம். உறையின் பின்பக்கம் எங்கள் மூன்று பேர் படம். டிரம்ஸ் என்ற இடத்தில் என் பெயர். அந்தச் சென்னை ஆள் பெயர் எங்கேயும் இல்லை.

"அவனுக்குப் பேரு வேணாமாம். உன் பேருதான் போட்டிருக்கேன், பாத்தியா?"

"எடுத்துடு."

"இன்னாடா நீ? அச்சடிச்சாச்சு. உன் பேர எடுத்துட்டா அப்புறம் இது நம்ம பேண்டே இல்லையே."

இல்லைதான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்து சைரன் ஒலித்தது. ஃபேக்டரி கேட் அருகே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். காரிலிருந்து இறங்கி, "சரி சார்" என்றேன். அந்த "சார்" என் வாயில் எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவன் முகம் ஒரு கணம் மாறியது. ஆனால் கூப்பிடவில்லை.

வெளியீட்டு விழா ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பிரியாணி போட்டார்கள். ஃபேக்டரி ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பாட்டை ஒலிபரப்பி, எங்களை மேடையில் வரிசையாக நிற்க வைத்தார்கள். நேரில் வாசிக்கச் சொல்லவில்லை, எப்படிச் சொல்வான்? ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் கைதட்டல். நான் ரிஜெக்ட் செய்த ஷூக்களைத் தைத்த பெண்கள்கூட வந்து, "சார், நீங்க அடிச்சது செம்மையா இருக்கு சார்" என்று கை குலுக்கினார்கள். நான் பல்லைக் காட்டினேன். பிறகு அவன் அந்த இசைத்தட்டை வெளிநாட்டு பையர்களுக்கு, வருடப்பிறப்புக்கு டைரி அனுப்புகிற மாதிரி, ஷூ சாம்பிளோடு சேர்த்து அனுப்பினான். எங்கள் ஃபேக்டரியில் முதலாளியும் ஊழியர்களும் சேர்ந்து இசைக்கிறார்களாமே என்று பையர்கள் நெகிழ்ந்து போனார்களாம். ஆர்டர் கூடியதா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

அந்த அமெரிக்க ஆல்பத்தை நான் இன்னும் கேட்கிறேன். பஸ்ஸில், காதில் மாட்டிக்கொண்டு. முன்பு கேட்டமாதிரி இப்போது கேட்க முடிவதில்லை. அதில் இருப்பவர்களைவிட இல்லாதவர்களைத்தான் நினைக்கிறேன். கூப்பிட்டதும் வந்து, உயிரைக் கொடுத்து வாசித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனவர்கள். வீட்டுக்குப் போய் மனைவியிடம் "இன்றைக்கு நன்றாக வாசித்தேன்" என்று சொல்லியிருப்பார்கள். தட்டு வந்த அன்று அவளோடு உட்கார்ந்து போட்டுக் கேட்டிருப்பார்கள். அவர்களிடமாவது யாரும் இது நீதான் என்று சொல்லவில்லை. அந்த வகையில் அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

விழா முடிந்து வந்த பிறகு மனைவி பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மண்டபத்துச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, வீட்டில் நிதானமாகக் கேட்கிறேன் என்றாள். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். அவள் கேட்டதும் கண்டுபிடித்துவிடுவாள், இத்தனை வருடம் காது புளிக்கக் கேட்டவளுக்குத் தெரியாதா, அவளே "இது நீங்க இல்லையே" என்பாள், அப்போது எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று காத்திருந்தேன். சொல்லப்போனால் அதை எதிர்பார்த்துத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த உலகத்தில் ஒருத்திக்காவது என் கை எது என்று தெரிந்திருந்தால் போதும்.

ஒரு ஞாயிறு மதியம். சாப்பிட்டு முடித்திருந்தோம். இப்போது ஞாயிறுகளில் நான் ஆம்பூருக்குப் போவதில்லை. பேண்ட் தானாகக் கலைந்துவிட்டது, யாரும் அறிவிக்கவில்லை. வேலைக்கு மட்டும் போய் வருகிறேன். மனைவி ஃபோனில் எங்கள் ஆல்பத்தைப் போட்டு, புதிதாக வாங்கிய சின்ன ஸ்பீக்கரில் முழுவதையும் கேட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் மடிப்பதை நிறுத்திவிட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பாட்டு முடிந்தது. அவள் கண் கலங்கியிருந்தது.

"இன்னாங்க," என்றாள், "இத்தன வருஷமா உங்களத் திட்டிக்கினே இருந்துட்டேன். நான் ஒழுங்கா காது குடுத்தே கேக்கல போல. எவ்ளோ நல்லா வாசிச்சிருக்கீங்க."

நான் கையை நீட்டி ஸ்பீக்கரை அணைத்தேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து என் பலகையை இழுத்து, முந்தானையால் தூசு தட்டி, குச்சிகளோடு கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பிறகு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை வாசிக்கச் சொன்னதில்லை.

"அதுல வாசிச்ச மாதிரியே எனக்கு ஒருவாட்டி வாசிங்க" என்றாள்.

கை வலிக்கிறது என்றேன். அவள் பதறிப்போய் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, எந்த இடத்தில் என்று அமுக்கி அமுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.